டோக்கன் ஒன்றுக்குப் பதினோரு ஒவ்வாமை

3 நவம்பர் 1997, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. சிட்லபாக்கம் ஏரி என் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்து, குசலம் விசாரித்துவிட்டுப் போனது. குடையில் ஒரு கம்பி முறிவு. வாங்க வேண்டியவை: குடை, சவரச் சோப்பு, இரண்டு ஃப்ளாப்பி.

ஆறே முக்காலுக்குக் கேம்ப் ரோடு கிளினிக்கில் ஆஜர். அக்கா மகள் நளினியின் கிளினிக். அவள் டாக்டர். அவளுடைய கம்ப்யூட்டர் இலாகாவுக்கு மந்திரி, காரியதரிசி, டவாலி மூவரும் நானே. மறைமலை நகர்த் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருடம் நட்டு போல்ட்டு எண்ணி, விருப்ப ஓய்வு வாங்கி, மேற்குத் தாம்பரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்து, ஐம்பத்துநாலு வயதில் நான் இயற்றிய காவியம் அங்கே ஓடுகிறது. இன்றோடு ஐந்து வாரம்.

காவியத்துக்கு இரண்டு காண்டம். பெரிய ஃபாரம்: நோயாளியின் எண், பெயர், வயது, தெரு. சின்ன ஃபாரம்: அவருக்கு எந்த மருந்து, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. பெரியதில் ஒரு பட்டனைத் தட்டினால் சின்னது எழுந்து வரும். நளினி மருந்து எழுதினால் ஒரு சீட்டு அச்சாகும். அதன் கடைசி வரி "ஒவ்வாமை". முன்பெல்லாம் நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்காமல் ஊசியைத் தொடமாட்டாள். இப்போது கேட்பது என் சீட்டிடம். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன பட்டம் வேண்டும்.

பழைய நோட்டுகள் பதினாறையும் போன மாதம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று. நளினி வேண்டாம் என்றாள். நோட்டின் யுகம் முடிந்தது என்று பிரகடனம் செய்து, நானே தராசில் ஏற்றினேன்.

டோக்கன் ஒன்று: வழக்கம்போலத் தனகோட்டி. சேலையூர்ப் பழைய குடும்பம். முன்பு நெல், இப்போது மனை. எழுபது வயது. தினமும் ஏழு மணிக்குப் பிரஷர் பார்த்தாக வேண்டும்; டோக்கன் ஒன்று வேறு யார் கைக்கும் போகக்கூடாது. ஒரு நாள் இரண்டு கிடைத்ததற்குக் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

ரிசப்ஷனில் ஷமீம். பல்லாவரத்திலிருந்து வருகிற பெண். தட்டுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது. தனகோட்டி வந்ததும் இரண்டு ஃபாரத்தையும் திறந்துவிடுகிறாள். சின்னதை ஓரமாக ஒதுக்கி, சாயங்காலம்வரை அப்படியே வைத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு ஆளுக்கும் மூடித் திறக்கச் சொன்னேனே என்றேன்.

"அது ஒரு தடவை தொறக்கறதுக்குள்ள நான் பல்லாவரம் போய் சாப்ட்டுட்டு வந்துடலாம் சார்."

நியாயம்தான். சிரித்துவிட்டு வந்தேன்.

4 நவம்பர், செவ்வாய்

தூறல். முட்டி வலி.

தனகோட்டிக்கு இருமல். முதல் தடவையாக மருந்து எழுதி, முதல் தடவையாக அவருக்குச் சீட்டு அச்சானது. கடைசி வரி ஒரு வரியாக இல்லை. பதினொன்று. ஷமீம் தமாஷாக உரக்கப் படித்தாள். இறால், கத்திரிக்காய், கருவாடு என்று கடைசிவரை.

"எறா ஆவாதுன்னா போட்டுக்கீது? முந்தாநேத்துதான் ஒரு சட்டி தொக்கு துன்னேன்" என்றார் தனகோட்டி.

பெஞ்சில் இருந்த காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். உலகத்தில் காற்றைத் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளாத ஒரே ஜீவராசி என்று அவரை நானும் அறிமுகம் செய்து வைத்தேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். மெஷின் கோளாறு வெளியே தெரிய வேண்டாமே என்று சீட்டை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் அப்புறம் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

மதியம். மோர் சாதம், நார்த்தங்காய். இரண்டாவது பிடியில் கை நின்றது.

பதினொன்றும் அவருடையது இல்லை. அப்படியானால் யாருடையது?

கிளினிக்குக்குத் திரும்ப ஓடினேன். பதிவில் இருப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். வரிசையாகத் தட்டிப் பார்த்தேன். நானூற்றுப் பதினோரு பேருக்கு ஒவ்வாமை: இல்லை.

வீட்டுக்கு வந்து புரோகிராமை அச்செடுத்த காகிதங்களைக் கூடம் முழுக்கப் பரப்பினேன். நாலு மணிக்குப் புரிந்தது. எழுதி வைக்கிறேன்.

ஃபாரம் என்பது ஜமீன் வீட்டுச் சேவகன் மாதிரி. தானாக ஒரு துரும்பை நகர்த்தாது. ஃபாரம் திறந்தால் ஒரு மணி அடிக்கும். உள்ளே ஆள் மாறினால் ஒரு மணி. மூடினால் ஒரு மணி. மணிக்குப் பெயர் ஈவென்ட். எந்த மணிக்கு என்ன வேலை என்று நாம் எழுதி வைத்தால் சேவகன் எழுந்து செய்வான். எழுதாவிட்டால் மணி பாட்டுக்கு அடிக்கும், அவன் பாட்டுக்குத் தூங்குவான்.

நான் எழுதியது: சின்ன ஃபாரம் திறக்கிற மணிக்கு, பெரியதிடம் போய் யார் நோயாளி என்று கேட்டு எண்ணை வாங்கிக்கொள்.

நான் எழுதாதது: பெரிய ஃபாரத்தில் ஆள் மாறுகிற மணிக்கு, சின்னதுக்குத் தகவல் சொல்லி அனுப்பு.

ஆக, காலையில் தனகோட்டியின் எண்ணை வாங்கிக்கொண்ட சின்ன ஃபாரம் சாயங்காலம்வரை தனகோட்டியையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெரியதில் ஊரே வந்து போனது. பெரியது சொல்லவில்லை, சின்னது கேட்கவில்லை. பேச்சுவார்த்தை அற்றுப்போன சம்பந்திகள். யார் வந்து எது ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாலும் எல்லாம் தனகோட்டி தலையில்.

நான் சோதித்தபோது ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக மூடித் திறந்தேன். எல்லாம் சரியாக வந்தது. ஒழுங்காகச் சோதித்ததே வினை.

இறால் போனால் போகட்டும். தடிப்பு வரும், சொறிந்துகொள்வார்கள். பையிலிருந்த சீட்டை எடுத்தேன்; புதிது மேலே, பழையது கீழே என்றுதான் அது அச்சாகும், அதன் கடைசி வரியைப் படித்தேன்.

பென்சிலின். பக்கத்தில் ஷமீமின் குறிப்பு: மூச்சு அடைத்தது.

யாருக்கு?

5 நவம்பர், புதன்

மழை இல்லை. வானம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. என்னைத்தான்.

ஆள் மாறுகிற மணிக்கு வேலை எழுதிவிட்டேன். மொத்தம் ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியைச் செப்டம்பரில் எழுதாததற்கு என்னைக் கழுமரம் ஏற்றலாம். சின்ன ஃபாரத்தின் உச்சியில் நோயாளியின் பெயர் வந்திருந்தால் ஷமீம் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். அந்த இடத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது என் பெயர். ஆக்கம்: இன்னார். அழித்துவிட்டு நோயாளி பெயரைப் போட்டேன். இருபது தடவை ஆளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது சின்னது பெரியதன் பின்னாலேயே போகிறது, கன்றுக்குட்டி மாதிரி.

பழைய பதினொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தனகோட்டி கணக்கிலிருந்து ஒரே வீச்சில் அழித்தேன். அந்த மனிதராவது சுத்தமாக இருக்கட்டும்.

நளினி அறைக்குள் மதியம் மட்டும் மூன்று தடவை போனேன். முதல் தடவை ஸ்டெதாஸ்கோப் காதில். இரண்டாம் தடவை ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. மூன்றாம் தடவை அவளே நிமிர்ந்து, "என்ன மாமா, சோர்ந்து போயிருக்கீங்க?" என்றாள். ஃபேன் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடணும் என்றேன். நோட்டை எல்லாம் எடைக்குப் போட்ட வாய் வேறு எதையும் சொல்ல மறுக்கிறது.

ஷமீமிடம் சொன்னேன். அவள் முகம் சுண்ணாம்பானது.

"நான் மூடாததாலயா சார்?"

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடிக்காக இன்னொரு கழுமரம்.

தாளை அவளிடம் கொடுத்தேன். என்ன ஞாபகசக்தி! எந்தெந்த முகம், என்ன உடை, யார் கூட வந்தார்கள் என்று சொல்கிறாள்:

இறால் – மாடம்பாக்கம் தையல்காரர் மனைவி
கத்திரிக்காய், கருவாடு – அண்ணன் தம்பி, ஒரே நாள்
முட்டை – கைக்குழந்தை
பிளாஸ்திரி – ஆட்டோ ஓட்டுபவர்
தலைச்சாயம் – பெயர் வேண்டாம், எனக்கே தெரிந்தவர்
சல்ஃபா மாத்திரை – ரயில்வே குவார்ட்டர்ஸ் பாட்டி

ஏழும் அவரவர் பெயரில் ஏறிவிட்டன. வேர்க்கடலை, அயோடின், ஆஸ்பிரின் மூன்றுக்கும் சந்தேகமாக மூன்று பேரைச் சொல்கிறாள். பென்சிலின் மட்டும் முகமே வரவில்லையாம். ஆரம்ப நாட்களில் எப்போதோ தட்டியது. அந்த வாரம் கூட்டமோ கூட்டம்.

ராத்திரி சாப்பிடவில்லை. வாங்க வேண்டியது: குடை.

6 நவம்பர், வியாழன்

கனமழை. குடை இல்லாமலே கிளம்பினேன்.

வேர்க்கடலை: கிழக்குத் தாம்பரம், நடந்தே போய்க் கேட்டது. சரி. ஆஸ்பிரின்: மேடவாக்கம். சரி. அயோடின்: கோவிலம்பாக்கம், ஒரு டீச்சர் அம்மா. முழங்கால் தண்ணீரில் தெருவைக் கண்டுபிடித்தேன். எனக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்டார். சுகாதாரக் கணக்கெடுப்பு என்றேன். பொய்க்கு என் வாய் இன்னும் நன்றாகத்தான் திறக்கிறது.

மீதி ஒன்று.

மூன்று பேரிடமும் அந்த ஆரம்ப வாரத்து ஆட்களைப் பற்றி விசாரித்தேன். ஷமீம் போனில் பன்னிரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள். யாருக்கும் பென்சிலின் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஊசி என்றால் ஊசி, அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள். யார் வீட்டுக் கதையோ.

"நல்லாதான் நடந்து போனாரு. ஊசி போட்டாங்க. பத்தே நிமிசம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எடுத்துகினு வந்தாங்க."

கேம்ப் ரோட்டில் இறங்காமல் தாம்பரம் போய்விட்டேன். இறங்கினால் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று ரயில் பார்த்தேன். நூறு ரயில் போயிற்று என்று எழுதலாம். ஆறுதான். எண்ணினேன்.

சமாதானங்கள்: (1) நளினி முதலில் தோலில் துளி சோதனை ஊசி போட்டுத்தான் பார்ப்பாள். (2) இப்போது சளிக்கு எல்லோரும் மாத்திரைதான். (3) அந்த ஆள் ஊரை விட்டே போயிருக்கலாம்.

(1) பற்றி: அந்தத் துளியே சிலருக்குப் போதும் என்று போன வருடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னவள் நளினிதான்.

நாளைக் காலை ஏழுக்கு முன் சொல்லிவிடுவது. சத்தியம்.

7 நவம்பர், வெள்ளி

இப்போது மாலை. காலையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி கவிழ்ந்து பஸ் நின்றுவிட்டது, ஆகையால் தாமதம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். செருப்பு மாட்டவே அரை மணி.

ஏழே காலுக்குப் போனேன். பெஞ்சில் தனகோட்டி. வலது பாதத்தில் துணிச் சுற்று, இரண்டு நாள் முன்பு துருப்பிடித்த தகரம் குத்தி, இப்போது சீழ். கால் பூசணிக்காய். பக்கத்தில் நளினி. ஒரு கையில் என் சீட்டு, கடைசி வரி எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வாமை: இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டு, சின்ன மருந்துக் குப்பியை எடுத்து மூடியில் ஊசியைச் செருகினாள்.

பென்சிலினா என்று ஷமீமைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

எனக்குத் தனகோட்டியைப் பற்றிப் பயமே இல்லை. அவரை நான்தானே துடைத்துச் சுத்தம் செய்தேன். ஆனால் அந்தக் குப்பியைப் பார்த்ததும் இரண்டே எட்டில் நளினி பக்கத்தில் போய் நின்றேன். இவருக்குப் போட்டால், அடுத்தவருக்கும் போடுவாள். அந்த அடுத்தவர் யார்?

யாருக்குமே அதைப் போடாதே நளினி என்றேன். பெஞ்சில் பதினைந்து பேர். அவ்வளவு பேர் முன்னாலும் சொன்னேன். பெரிய ஃபாரம், சின்ன ஃபாரம், பதினோரு வரி, பத்துக்கு ஆள் கிடைத்தது, பென்சிலினுக்குக் கிடைக்கவில்லை. அலங்காரம் எதுவும் வரவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தனகோட்டி காலைக் கீழே வைத்தார்.

"இதுவும் அந்த பென்சிலினா இன்னா? அப்ப அது நான்தான்பா. பத்து வருசம் இருக்கும், ஊசி போட்ட உடனே நெஞ்சு அடச்சி, கண்ணு சொருகிப் போச்சி. மருந்து பேரு மட்டும் மறந்துடாதேன்னு அங்க டாக்டரு சொல்லிச் சொல்லி அனுப்பிச்சாரு. இந்தப் பொண்ணாண்ட மொத நாளே சொன்னேனே."

ஷமீம் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் நாள். முதல் ஆள். தினமும் வருகிறவர் என்பதால் அவரை அவள் நோயாளியாகவே நினைக்கவில்லை. நானும்தான்.

தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நளினி கேட்டாள். குரல் ரொம்ப மெதுவாக.

"அதான் மெசின்ல ஏத்திகினாங்களே. அதுவே உனக்கு சொல்லிடும்னு சும்மா இருந்தேன்மா. அன்னிக்கு அந்தக் காயிதத்துல படிக்கும்போதே இது ஒண்ணு நெசம்னு சொல்ல வந்தேன். வாத்யாரு புடுங்கிகினு பூட்டாரு."

பதினொன்றில் பத்து தப்பான இடத்தில் இருந்தன. ஒன்றே ஒன்று சரியான ஆளிடம் சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது. அதை நான் என் கையால் அழித்தேன்.

நளினி ஊசியைத் தட்டில் வைத்தாள். அது தட்டில் பட்ட சத்தம் இன்னும் காதில்.

அவருக்கு வேறு மருந்து கொடுத்து, கட்டுப் போட்டு, ஆட்டோ வைத்து அனுப்பினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"எத்தனை நாளா தெரியும் மாமா?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து என்றேன்.

அவள் ஊசி போட்டதைத் தன் கையால் எழுதுகிற நோட்டு ஒன்று அவள் மேஜையில் உண்டு. என் தராசுக்குத் தப்பியது. அதைத் திறந்து, செவ்வாய் மதியத்திலிருந்து பென்சிலின் போட்டவர்களைப் படித்தாள். ஒவ்வொரு பெயராக. நாலு பேர். நான் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடக்கினேன்.

காணாமல் போன ஒன்று கிடைத்துவிட்டதே, இவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காதே என்றேன்.

"அந்தப் பதினோரு வரி மட்டும்தான் தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. உண்மையிலேயே தெரியாது.

நாலு விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி என் பையில் செருகினாள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

8 நவம்பர், சனி

மழை விட்டு வெயில். கண் கூசுகிறது.

கிளினிக்கில் கம்ப்யூட்டர் மேல் உறை போட்டிருக்கிறது. ஷமீம் புது நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவரிடமும் வாயால் கேட்கிறாள், திரும்பச் சொல்லச் சொல்கிறாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அதற்கு நான் தகுதி இல்லை.

வீடு 1: சேலையூர். நலம். வேலைக்குப் போயிருக்கிறார், அடுத்த தெருவில் கட்டட வேலை. சாரத்தின் மேல் நின்று கை காட்டினார்.

வீடு 2: ராஜகீழ்ப்பாக்கம். நலம். நான் யாரோ கடன்காரன் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தார்கள்.

வீடு 3: செம்பாக்கம். கல்லூரிப் பெண். நலம். ஊசி போட்ட இடம் வலிக்கிறதாம், டாக்டரிடம் சொல்லச் சொன்னாள்.

வீடு 4: படப்பை. தாம்பரம் மார்க்கெட்டில் பூ விற்கிற அம்மாள். புதனன்று ஊசி. வீட்டில் பூட்டு.

பக்கத்து வீட்டில் கேட்டேன். இரண்டு நாளாக ஆளைப் பார்க்கவில்லை என்றார்கள்.

படியில் உட்கார்ந்தேன். எத்தனை மணி நேரம் என்று தெரியவில்லை. ஒரு யுகம் என்று எழுதுவது என் வழக்கம், ஆனால் இரண்டே கால் மணி நேரம்தான், வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூட்டு புதுப் பூட்டு. பூட்டின் கம்பெனிப் பெயரை ஐந்நூறு தடவை படித்திருப்பேன். அவர் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், சரியான ஆள்தானா, சரியான விலாசம்தானா, தாளையும் கதவு எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்து.

ஒன்றரை மணிக்கு அந்த அம்மாள் தெருமுனையில் வந்தார். கையில் கூடை. மகள் வீட்டுக்குப் போயிருந்தாராம். நடந்துதான் வந்தார், மேடேறிக்கொண்டு, மூச்சு வாங்க. அந்த மூச்சை எண்ணிக்கொண்டே எழுந்து நின்றேன்.

"யாரு சார் வேணும்?"

டாக்டரம்மாவின் மாமா என்றேன். என்ன விஷயம் என்றார். கணக்கெடுப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது.

கம்ப்யூட்டரில் நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன், அதனால் உங்களுக்குப் போட்ட ஊசி உங்கள் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கலாம், அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போனார். திட்டுவதற்கு யாரையாவது கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"வெயில்ல உக்காந்திருக்க. குடி மொதல்ல."

குடித்தேன். பாதி சட்டையில்.